முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை ஏற்கும் மகப்பேறு மருத்துவர் சேலத்தில் யார்? தங்கை ஏற்காட்டில் இருக்கிறாள்

மூக்கனேரிக்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் கன்னங்குறிச்சியில் வசிக்கிறேன். என் தங்கைக்கு இப்போது 16 வாரம். மருத்துவர் குறித்துக் கொடுத்த நாள் டிசம்பர் 20. அவளும் அவள் கணவரும் ஏப்ரல் வரை சேலத்தில்தான் இருந்தார்கள். அவள் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தாள். மாமனார் படுத்த படுக்கையாகிவிட்டதால் இருவரும் மலைக்கே திரும்பிவிட்டார்கள். நாகலூர்ப் பக்கத்தில் ஒரு சிற்றூர். மாப்பிள்ளை காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறார்.

மூத்த பையனுக்கு மூன்று வயது. அவன் பிறந்தபோது சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சிசேரியன் செய்தார்கள். அன்று அடகு வைத்த நகையில் இன்னும் ஒரு வளையல் மீளவில்லை. அதனால் இந்த முறை முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொள்ளும் நல்ல பெண் மருத்துவராகப் பார்த்துக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: தங்கைக்கு பி நெகட்டிவ் ரத்தம், மாப்பிள்ளைக்கு பாசிட்டிவ்.

மூன்று மருத்துவமனைகளுக்குத் தொலைபேசியில் பேசினேன். ஒன்றில், அட்டை உண்டு, ஆனால் பிரசவத்துக்கு இல்லை என்றார்கள். இரண்டாவதில், முதலில் நோயாளியை அழைத்து வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்கள். மூன்றாவதில் காத்திருக்கச் சொன்ன பெண் திரும்பி வரவே இல்லை. அட்டையை ஏற்கும் மருத்துவர் யாரென்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மாதந்தோறும் மலையிலிருந்து இறங்கி வர வேண்டியிருப்பதால் அஸ்தம்பட்டி, கோரிமேடு பக்கமாக இருந்தால் நல்லது.

செவ்வாய்ப்பேட்டைக்காரன் எழுதியது:

சகோதரி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே கேள்வியோடு அலைந்தவன்தான். கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வருமானம் எந்த மாதம் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாத தொழில். ஒரு தனியார் மருத்துவமனையின் வாசலில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று பலகை வைத்திருந்ததைப் பார்த்து, மாதப் பரிசோதனை முழுவதையும் அங்கேயே செய்தோம். ஒவ்வொரு முறையும் ஆலோசனைக் கட்டணம், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் கையிலிருந்துதான் போயின. சேர்த்துக்கொள்ளும்போது அட்டை கைகொடுக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

34 ஆவது வாரத்தில் திடீரென்று ரத்தப்போக்கு ஏற்பட்டு அவசரமாகச் சிசேரியன் செய்ய வேண்டியதாயிற்று. குழந்தை 1.8 கிலோ, பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 11 நாள் இருந்தது. கடைசியில் நடந்தது என்ன தெரியுமா? குழந்தைக்கான சிகிச்சை அட்டையில் அனுமதியாகிவிட்டது. தாய்க்கான அறுவை சிகிச்சை, அந்த மருத்துவமனை அனுமதி வாங்கக்கூடிய பட்டியலில் வரவில்லை என்று சொல்லிப் பணம் கட்டச் சொன்னார்கள். பலகையில் பொய் ஒன்றும் இல்லை. அதை நான்தான் என் ஆசைக்கு ஏற்றபடி படித்துக்கொண்டேன்.

அந்தக் காப்பீட்டுப் பிரிவில் இருந்த ஒருவர் பொறுமையாக விளக்கிய பிறகே எனக்குப் புரிந்தது. அட்டை எந்த மருத்துவரின் பெயரோடும் இணைந்ததன்று. மருத்துவமனைக்கு அங்கீகாரம் வேண்டும். அதிலும் அந்தக் குறிப்பிட்ட துறைக்கு அங்கீகாரம் வேண்டும். அதற்கு மேல், செய்யப்போகும் சிகிச்சை திட்டத்தின் பட்டியலில் இருந்து, முன் அனுமதியும் கிடைக்க வேண்டும். எலும்பு முறிவுக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் அட்டையை ஏற்கும் அதே கட்டடத்தில், மகப்பேறு பிரிவு அதற்குள் வராமல் இருக்கலாம். வெளிநோயாளராக மருத்துவரைப் பார்த்துவிட்டு வருவதற்கு அட்டை எங்குமே உதவாது. ஆகவே வரவேற்பில் கேட்காமல் காப்பீட்டுப் பிரிவுக்கே போய், முன்பு சிசேரியன் ஆனவருக்கு மறுபடி சிசேரியன் செய்ய நேர்ந்தால் இந்த மருத்துவமனையில் அனுமதி கிடைக்குமா என்று சிகிச்சையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம்.

அட்டையில் உங்கள் தங்கையின் பெயர் இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். இந்தத் திட்டம் குடும்ப அட்டையை அடிப்படையாகக் கொண்டது. திருமணமாகி ஐந்தாறு ஆண்டுகள் ஆன பிறகும் பெண்ணின் பெயர் தாய்வீட்டு அட்டையிலேயே கிடப்பது நம் ஊரில் புதிதன்று. பெயரை மாற்றிய பிறகு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்றிதழோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டியிருக்கும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பாதுகாப்பு அது. பிரசவத்துக்குப் பயன்படாவிட்டாலும் குழந்தைக்காக வைத்திருங்கள்.

மில் கணக்கு எழுதியது:

நூற்பாலையில் வேலை பார்த்தவர் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. நான் ஓர் ஆலையில் சம்பளக் கணக்குப் பார்க்கிறவன். மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கியிருந்தால் அவர் பெயரில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குப் பிடித்திருப்பார்கள், சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் என்று ஒரு சிறு தொகை கழிந்திருக்கும். வேலையை விட்ட அன்றே அந்த உரிமையும் போய்விட்டது என்று பெண்கள் நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் ஆலையிலிருந்து நின்றவர்களில் பலர் கேட்காமலேயே விட்டுவிட்டார்கள்.

கணக்கு இப்படித்தான். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டிய பங்களிப்புக்கு உரிய பயன் காலம் ஜூலை முதல் டிசம்பர் வரை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. மகப்பேற்றுப் பயனுக்கு, முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் மொத்தம் 70 நாட்களுக்குப் பங்களிப்பு இருந்தால் போதும். ஏப்ரல் வரை உங்கள் தங்கை ஒழுங்காக வேலைக்குப் போயிருந்தால், டிசம்பரில் நடக்கவிருக்கும் பிரசவத்துக்கு அந்தக் கணக்கு தாராளமாக எட்டும்.

கிடைப்பது சிறிய தொகையும் அன்று. இரண்டாவது குழந்தை என்பதால் 26 வாரங்களுக்குச் சராசரி நாள் ஊதியம் முழுமையாகக் கிடைக்கும்; அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னாலேயே எடுத்துக்கொள்ளலாம். நாள் ஒன்றுக்கு 420 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 182 நாளுக்கு 76,440 ரூபாய். அடகில் இருக்கும் வளையலை நினைத்துத்தான் இதைப் பெருக்கிப் பார்த்தேன். தவறாக எண்ண வேண்டாம்.

மருத்துவத்துக்கும் இ.எஸ்.ஐ. வழி இருக்கிறது. அவருக்கு ஒதுக்கப்பட்ட இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டினால், அங்கிருந்து சேலம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், அங்கு முடியாததை, இ.எஸ்.ஐ.யோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். அந்தக் கடிதம் கையில் இல்லாமல் நேராக ஒப்பந்த மருத்துவமனைக்குப் போய் நின்றால் பணம் கட்டத்தான் வேண்டும். மாப்பிள்ளையின் தோட்ட வேலையை இதில் நம்ப வேண்டாம்; தோட்டத் தொழிலாளர்களுக்கான ஏற்பாடு 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் வழியில் வந்தது, இ.எஸ்.ஐ. வழியில் வந்ததன்று. தங்கையின் பத்து இலக்கக் காப்பீட்டு எண்ணை எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். என்னைக் கேட்டால் பிரசவத்தையும் இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பேன்.

ஓய்வுபெற்ற நர்சம்மா எழுதியது:

மேலே எழுதிய இருவரும் பணத்தைப் பற்றிச் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். நான் சேர்வராயன் மலையில் பல ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். எனக்கு முதலில் தோன்றியது வேறு. முன்பு சிசேரியன் ஆனவர், நெகட்டிவ் ரத்தம், மலையில் வீடு, டிசம்பர் மாதம். இந்த நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், மருத்துவர் யார் என்பதைவிடப் பிரசவம் எந்த இடத்தில் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

பழைய தையல் உள்ள கருப்பையில் வலி எடுத்தால், அந்தத் தழும்பு விட்டுப்போகும் ஆபத்து சிறிதளவு உண்டு. அப்படி நேர்ந்தால் அறுவை அரங்கும் மயக்க மருத்துவரும் ரத்தமும் அந்த நிமிடமே தேவைப்படும். அதனால் மாதப் பரிசோதனைக்கு உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையமும் ஏற்காடு அரசு மருத்துவமனையும் போதும். பிரசவத்துக்குச் சீமாங்க் மையம், அதாவது இரவு பகலாக அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை தரும் மையம், உள்ள மருத்துவமனைதான் வேண்டும். உங்களுக்கு அருகில் இருப்பது சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கு எந்தக் காப்பீட்டு அட்டையும் இல்லாமலேயே பிரசவம் இலவசம். 2011 இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம், உணவு, வீடு திரும்பும் வண்டி வரை எதற்கும் கட்டணம் கிடையாது. அங்கேயும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கேட்பது உண்டு. பணம் வாங்கத்தான் கேட்கிறார்கள் என்று பயந்து ஒளிக்க வேண்டாம். பட்டியலில் உள்ள சிகிச்சையாக இருந்தால் அந்தத் தொகை மருத்துவமனைக்குப் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

மில் கணக்குத் தம்பியிடம் இந்த ஓர் இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் இரவு இரண்டு மணிக்கும் மயக்க மருத்துவர் இருப்பாரா, நெகட்டிவ் ரத்தம் எங்கிருந்து வரும் என்று கேட்டு, தெளிவான பதில் கிடைத்தால் மட்டுமே அங்கு வைத்துக்கொள்ளுங்கள். பிரசவம் வேறு மருத்துவமனையில் நடந்தாலும், உரிய சான்றிதழ்களைக் கொடுத்தால் ஊதியத் தொகை கிடைக்கும். ஆகவே பணத்துக்காக இடத்தை மாற்ற வேண்டியதில்லை.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தங்கை சேலத்தில் இருக்கும்போதே பிக்மி எண் (அரசிடம் கர்ப்பத்தைப் பதிவு செய்ததற்கான எண்) வாங்கியிருந்தால் அதே எண் மலையிலும் செல்லும். தன் ஊருக்குரிய செவிலியரிடம் அதைக் கொடுத்தால் போதும். வாங்கவில்லை என்றால் இந்த வாரமே வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் வேண்டும். அது மொத்தம் 18,000 ரூபாய்: 14,000 ரொக்கமாகத் தவணைகளில் வரும், மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். ஒவ்வொரு மாதமும் 9 ஆம் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளைச் சிறப்பு மருத்துவர் இலவசமாகப் பார்க்கும் நாள். நீங்கள் தேடுகிற மகப்பேறு மருத்துவரை அன்று எந்த அட்டையும் இல்லாமல் பார்க்கலாம்.

பழைய மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். எதற்காகச் சிசேரியன் செய்தார்கள், எப்படி வெட்டினார்கள், மூத்த குழந்தையின் ரத்த வகை என்ன, பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி (குழந்தையின் பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிராக நெகட்டிவ் தாயின் உடலில் எதிர்ப்புப் பொருள் உண்டாகாமல் தடுப்பது) போட்டார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். மறைமுக கூம்ப்ஸ் என்ற ரத்தப் பரிசோதனையை இந்தக் கர்ப்பத்தில் செய்தாயிற்றா என்றும் கேளுங்கள். அதில் எதிர்ப்புப் பொருள் இல்லை என்று வந்தால் 28 ஆவது வாரத்தில் ஆன்டி-டி ஊசி போடுவார்கள். உங்கள் கணக்குக்கு அது செப்டம்பர் கடைசி வாரம். தாய் சேய் நல அட்டையின் முகப்பிலேயே, முன்பு சிசேரியன், பி நெகட்டிவ் என்று சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். நள்ளிரவில் அட்டையை வாங்குகிற மருத்துவர் உள்பக்கத்தைப் புரட்டுவதற்குள் கண்ணில் பட வேண்டியது அது.

வலி எடுத்த பிறகு இறங்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். டிசம்பர் என்றால் மழையும் பனியும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து பாதையையே மூடினார்கள். 108 வண்டிகள் வருவதற்கு முந்தைய காலத்தில் ஒருமுறை, தோட்டத்து ஜீப்பை வளைவில் நிறுத்திப் பிரசவம் பார்த்திருக்கிறேன். ஓட்டுநரை டார்ச் பிடிக்கச் சொன்னேன். பாவம், கூச்சத்தில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கையும் முகத்தோடு திரும்பிவிட்டது, வெளிச்சம் முழுவதும் சவுக்கு மரத்தின் மேல். அந்தப் பெண்ணே வலியோடு, அண்ணா, இங்கே என்று சத்தம் போட்டாள். தாயும் பிள்ளையும் நலம். ஆனால் அவளுக்கு முன்பு சிசேரியன் ஆகியிருக்கவில்லை.

ஆகவே குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்பே தங்கையைக் கன்னங்குறிச்சிக்கு அழைத்துக்கொள்ளுங்கள். அக்காள் வீடு அடிவாரத்தில் இருப்பது பெரிய வசதி.

மூக்கனேரிக்கரை எழுதியது:

நர்சம்மாவுக்கும் மற்ற இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு தயக்கத்தை மட்டும் சொல்கிறேன். முதல் பிரசவத்தின்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். அங்கே மாணவர்கள்தான் பார்ப்பார்கள், கூட்டத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள் என்று சொல்லி என் அம்மாதான் தடுத்துவிட்டார். இப்போதும் அதையேதான் சொல்கிறார்.

ஓய்வுபெற்ற நர்சம்மா எழுதியது:

அம்மா சொல்வதில் பாதி உண்மை. கூட்டம் உண்டு, காத்திருக்க வேண்டும், சில நேரம் கடுஞ்சொல்லும் கேட்க வேண்டியிருக்கும்; நான் பணியில் இருந்த காலத்தில் நானும் பேசியிருக்கிறேன், வருந்துகிறேன். மாணவர்கள் என்று அவர் சொல்பவர்களில் பலர் மருத்துவப் படிப்பை முடித்து, மகப்பேற்றியலில் மேற்படிப்புப் படிக்கும் மருத்துவர்கள். அவர்களுக்கு மேலே பேராசிரியர்கள் இருக்கிறார்கள். நெகட்டிவ் ரத்தமும் பழைய தையலும் அவர்கள் வாரந்தோறும் பார்ப்பவை. பிரசவ நேரத்துக்கு முன்பே இரண்டு மூன்று முறை போய் அங்கேயே புறநோயாளர் சீட்டுப் போட்டுக் காட்டிவிடுங்கள். அம்மாவையும் ஒருமுறை கூட அழைத்துப் போங்கள்.

மூக்கனேரிக்கரை, ஏழு வாரங்கள் கழித்து எழுதியது:

எல்லோரும் இவ்வளவு எழுதிய பிறகு, என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விடுவது முறையன்று.

பிக்மி எண் ஏற்கெனவே இருந்தது. நாகலூர்ப் பகுதிச் செவிலியர் அதைத் தம் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டார். ஆகஸ்ட் 9 ஆம் தேதி ஏற்காட்டில் ஒரு பெண் மருத்துவர் பார்த்தார். ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 9.8; இரும்புச் சத்து மாத்திரையைச் சரியாகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டதும் தங்கை என்னைப் பார்த்தாள். அவள் அதைக் காலைக் காப்பியோடு விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். காப்பியும் டீயும் இரும்பைச் சேரவிடாது என்று சொல்லி, இரவு உணவுக்குப் பின் மாற்றச் சொன்னார்கள். காப்பித் தோட்டத்து வீட்டில் அதைச் சொல்லி நிறைவேற்றுவது எவ்வளவு கடினம் என்று மருத்துவருக்குத் தெரிந்திருந்தது, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

20 ஆவது வார ஸ்கேனை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எடுத்தோம். கட்டணம் ஏதும் வாங்கவில்லை. காலை எட்டு மணிக்குப் போய் மதியம் இரண்டு மணிக்குத்தான் வெளியே வந்தோம். நர்சம்மா சொன்னபடி அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். மூன்று மணி நேரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தவர், பக்கத்தில் இருந்த ஓமலூர்க்காரரோடு பேசத் தொடங்கிய பிறகு எங்களை மறந்துவிட்டார். கூம்ப்ஸ் பரிசோதனையில் எதிர்ப்புப் பொருள் இல்லை என்று வந்திருக்கிறது. ஊசிக்குச் செப்டம்பர் 25 அன்று வரச் சொல்லியிருக்கிறார்கள். பழைய மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி மாமியாரின் டிரங்குப் பெட்டியில் நிலப் பத்திரத்தோடு இருந்தது. முதல் முறை ஊசி போட்டதும் அதில் எழுதியிருக்கிறது.

இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் பார்த்தார்கள்: அக்டோபர் முதல் மார்ச் வரை 138 நாட்கள் பங்களிப்பு இருக்கிறது. என்ன சான்றிதழ்கள் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும் விசாரித்தோம், எல்லாவற்றையும் யோசித்து, பிரசவத்தை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம். முதலமைச்சர் காப்பீட்டில் தங்கையின் பெயர் செவ்வாய்ப்பேட்டை அண்ணன் சந்தேகப்பட்டபடியே எங்கள் அப்பாவின் குடும்ப அட்டையில்தான் இருந்தது. மாற்ற விண்ணப்பித்திருக்கிறோம்.

டிசம்பர் 1 ஆம் தேதி தங்கை எங்கள் வீட்டுக்கு வருகிறாள். அது காப்பிப் பழம் பறிக்கும் காலம் என்பதால் மாப்பிள்ளையால் உடன் வந்து தங்க முடியாது. மூத்த பையனும் அவளோடு வருகிறான். ரத்தத்துக்காக, மாப்பிள்ளையின் நண்பர்களில் பி நெகட்டிவ் உள்ள ஒருவரைக் கண்டுபிடித்து எண்ணை வாங்கி வைத்திருக்கிறோம்.

சென்ற வாரம் ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். அட்டை பற்றிக் கேட்டிருந்தீர்களே, காத்திருக்கிறீர்களா என்று கேட்டார் அந்தப் பெண்.